குங்கிலியம் பூசிய மோட்டார் சைக்கிள்

1947 ஏப்ரல் 14, திங்கள்

காலையிலேயே சுள்ளென்று வெயில். ஆபீசில் கப்பல் வரத்து இல்லை, ஈ ஓட்டினோம். மானேஜர் மேசையிலேயே தூங்கிப்போனார்.

மாலையில் மோ.சை. துடைத்தேன். (மோட்டார் சைக்கிள் என்று முழுதாக எழுதக் கை வலிக்கிறது. இனி இப்படித்தான்.) பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது. சீட்டுக்கு அடியில் மாவு மாதிரி மஞ்சள் மணல் இன்னும் ஒட்டியிருக்கிறது. எந்தப் பாலைவனத்து மணலோ. தொட்டுப் பார்த்தேன், உடம்பு சிலிர்த்தது.

அக்கா அடுத்த வாரம் சனிக்கிழமை கன்னியர் மடத்துக்குப் போகிறாள். மதுரைக்கு அப்பால். போனால் போனதுதான், வெளியே வர மாட்டார்கள். நாம் போய்ப் பார்த்தாலும் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசுவார்களாம். போவதற்குமுன் மணப்பாட்டுச் சிலுவைக் கோயிலுக்குப் போக வேண்டும் என்கிறாள், அதுவும் மோ.சை.யில்தான். கரியில் ஓடும் பஸ்ஸில் போகலாமே என்றேன்.

"ஏலே, உள்ள போனா ஆயுசுக்கும் முழங்கால் செபந்தான். அதுக்கு முன்ன ஒரு நாளாவது பறக்கணும்."

அப்பா அவளிடம் பேசி நான்கு மாதமாகிறது. கிறிஸ்மஸ் அன்று மடத்து விஷயத்தைச் சொன்னாள், அன்றோடு சரி. அவள் வைக்கும் சோற்றைச் சாப்பிடுகிறார். அவள் பக்கத்திலேயே நின்றாலும், "உங்க அக்காகிட்ட உப்பு கேளு" என்று என்னிடம் சொல்கிறார். அம்மா போனபிறகு வீட்டைத் தாங்கியவள் அவள்தான். அப்பாவின் கோபம் எனக்குப் புரிகிறது. அவளுடைய பிடிவாதம்தான் பயமாகவும் இருக்கிறது, கும்பிடவும் தோன்றுகிறது.

16, புதன்

புழுக்கம். சோப்பு, மண்ணெண்ணெய் வாங்க மறந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அதிசயம். அப்பா மோ.சை. என்ஜினுக்குப் பூச்சு போட்டிருக்கிறார். அவர் தண்டலாக நின்று ஓட்டும் தோணி இப்போது கரையில் ஏறி நிற்கிறது. அதற்குப் பூசக் காய்ச்சிய குங்கிலியப் பிசினும் மீன் எண்ணெயும் மிச்சமாம். சுண்ணாம்பும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, தோணிப் பலகை சந்துகளை அடைப்பதுபோல என்ஜின் சந்துகளையெல்லாம் அடைத்து, மேலே குங்கிலியம். வழவழவென்று கருங்கல் சிலை போல் இருக்கிறது. இப்படி ஒரு கைவேலை!

எதற்கு என்று கேட்டேன். உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்றார். பிறகு எங்கோ பார்த்துக்கொண்டு, "பொம்பளப் பிள்ளை ஏறுத வண்டி" என்றார்.

பேரைச் சொல்லவில்லை. அக்கா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனபிறகு வந்து என்ஜினை ஒரு தடவை தடவிவிட்டுப் போனாள்.

17, வியாழன்

பக்கத்தில் இருக்கும் புதுக்கோட்டை வரை வெள்ளோட்டம். பாதி வழியிலேயே வண்டி சோர்ந்தது. உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம். நிறுத்தினேன். அணைத்தபிறகும் தானாகத் துடித்தது. பேய் பிடித்ததுபோல. கிட்டே போனால் அடுப்பங்கரை அனல், முழங்காலில் கால்சட்டை பொசுங்கிவிட்டது. இவ்வளவு நாள் இப்படி இல்லை.

இந்தச் சின்ன இரும்புக் குடத்துக்குள் எத்தனை நெருப்பு! பயத்தைவிட மலைப்புதான் அதிகம்.

18, வெள்ளி

ஆபீசில் எல்லாரும் வைத்தியர்கள். வண்டியைப் பார்க்காமலேயே:
— ஆயில் மாற்று.
— பிளக்கைச் சுத்தம் செய்.
— பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கும்.
— நனைந்த சாக்கைச் சுற்று.
— கண்ணேறு. (இது மானேஜர்.)

ஆயில் மாற்றினேன். பிளக் சுத்தம் செய்தேன். கோயில் வாசலில் இரண்டு பேர் என் காதில் விழவே பேசிக்கொண்டார்கள், மடத்துக்குப் போகிற பிள்ளை பட்டாளத்து வண்டியிலா போகும் என்று. அக்காவிடம் சொன்னேன். சிரித்தாள்.

19, சனி

துறைமுகம் வரை மறுபடி ஓட்டம். சாக்கு சுற்றியும் அதே கதி. சாக்குதான் கருகியது. வந்த வழியில் தள்ளிக்கொண்டே திரும்பினேன். கூப்பனுக்குக் கிடைத்த பெட்ரோலில் மிச்சம், மணப்பாடு போய்த் திரும்பத்தான் காணும். இனி வெள்ளோட்டம் கிடையாது.

பஸ்ஸில் போவோம் என்றேன். வேண்டாம் என்றாள். முடியாவிட்டால் போகாமலே இருந்துவிடுகிறேன் என்றாள். கோபமில்லாமல் சொன்னாள், அதுதான் என்னவோ செய்தது.

22, செவ்வாய்

இன்று நடந்ததை எல்லாம் எழுதிவிட வேண்டும்.

விடிகாலைப் பூசை முடிந்து கிளம்பினோம். அக்கா பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, முக்காட்டைத் தாடைக்குக் கீழே முடிந்துகொண்டாள். மெதுவாகப் போனால் சூடாகாது என்று நினைத்து மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினேன். பழையகாயலில் இருபக்கமும் உப்பளம் வெள்ளை வெளேரென்று. ஆற்றுப் பாலத்தில் நிறுத்தி ஆறவைத்தோம். மறுபடி கிளம்பி, காயல்பட்டினம் தாண்டியதும் சுத்தியல் சத்தம். கூடவே புகை. குங்கிலியம் உருகிப் புகைகிறது. சாலை முழுக்கக் கோயில் வாசனை.

"ஏலே, பூசை ஆரம்பிச்சிட்டு" என்றாள் அக்கா.

எதிரே வந்த வண்டிக்காரர், சாம்பிராணி போட்டுக்கொண்டேவா போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா பக்கத்து வீட்டில் ஒரு குடம் தண்ணீர் வாங்கி வந்தாள். ஊற்றப் போனேன். சூடான லாந்தர்க் கண்ணாடியில் தண்ணீர் தெறித்தால் என்ன ஆகும் என்று ஞாபகம் வந்தது. கை நின்றது. நல்லவேளை.

பனைமர நிழலில் உட்கார்ந்தோம். திரும்பிவிடலாம் அக்கா, முடியாது என்றேன். அவள் என்ஜினுக்கு முன்னால் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வரிவரியாக இருப்பதெல்லாம் எதற்கு என்றாள். இரும்புத் தகடுகள் என்றேன்.

"அப்பா பூசுததுக்கு முன்ன நடுவுல சந்து இருந்துச்சுல்லா? வெள்ளைக்காரன் வேலையத்தா சந்து விட்டான்?"

எனக்குத் தலையில் அடித்ததுபோல் இருந்தது. இந்த என்ஜினுக்குத் தண்ணீர் கிடையாது. காற்றுதான். அந்தச் சந்துகள் வழியே காற்று புகுந்து சூட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தோணியில் சந்து இருந்தால் கடல் உள்ளே வரும், ஆளைக் கொல்லும். அப்பா வாழ்நாளெல்லாம் சந்துகளை அடைத்தே ஆட்களைக் காப்பாற்றியவர். இங்கேயும் ஒன்று விடாமல் அடைத்துவிட்டார்.

ஆறியபிறகு சுரண்டினோம். என்னிடம் பேனாக்கத்தி. அக்கா கொண்டை ஊசியை எடுத்துக்கொண்டாள், தலை அவிழ்ந்து முதுகில் விழுந்தது. சுண்ணாம்புப் பூச்சு கல்லாக இறுகியிருந்தது. சுரண்டிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். ஒவ்வொரு சந்தின் முனையிலும் கட்டைவிரல் ரேகை. சுண்ணாம்பில் அப்படியே பதிந்திருந்தது.

"ஒவ்வொண்ணா அழுத்தியிருக்காவ" என்றாள்.

வெகுநேரம் அதையே பார்த்தாள். அப்புறம் அதையும் சுரண்டினாள். நான் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு ஓட்டினேனே, அதை எப்படி எழுத! முதலில் பயந்து மெதுவாக. சூடு ஏறியது. வேகம் கூட்டினேன், குறைந்தது! ஓடினால் சூடாகும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஓடினால்தான் ஆறுகிறது. உள்ளே நெருப்பு எரிய எரிய, வெளியே வெறும் காற்று அதை அடக்கிக்கொண்டு வருகிறது. யாரும் ஊதவில்லை, விசிறவில்லை. திருச்செந்தூர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு சத்தமாக மந்திரம் சொல்லிக்கொண்டு வந்தாள். இடையிடையே சிரிப்பு. மரியாயே என்று பாதி, சிரிப்பு பாதி.

மணப்பாடு. மணல்மேட்டில் கோயில், கீழே கடல். சுடுமணலில் செருப்பில்லாமல் ஏறினோம், கால் பொத்துவிட்டது. மேலே நின்றபோது மூன்று பக்கமும் தண்ணீர். எத்தனையோ தடவை பார்த்த கடல்தான். அக்கா இதைக் கடைசியாகப் பார்க்கிறாள் என்று நினைத்ததும் நானும் முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தேன். எவ்வளவு பெரிது. அவள் சிலுவையை உதடு பதித்து முத்திசெய்துவிட்டு, போதும், வா என்றாள்.

திரும்பும்போது ஒரு தகராறும் இல்லை. பூச்சு உருகிக் கொட்டிவிட்டது என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னாள். பாவம், மனசு உடைந்துவிடுவாராம். சரி என்றேன்.

23, புதன்

பொய் பலிக்கவில்லை. மதியம் அப்பா என்ஜினைப் பார்த்தார். சந்துகளுக்குள் நகத்தை விட்டு இழுத்தார். "எவம்ல சுரண்டுனது?"

நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன். புகைந்ததை, நின்றதை, எல்லாவற்றையும். அவருக்குப் புரியவில்லை. வண்டியின் முகத்தைக் கடல் பக்கம் திருப்பி நிறுத்தி, என்ஜினுக்குப் பின்னால் அவர் உள்ளங்கையை வைக்கச் சொன்னேன். சந்து வழியே கடற்காற்று வந்து கையில் பட்டது. கையை எடுக்கவே இல்லை. நாற்பது வருஷம் காற்றை நம்பித் தோணி ஓட்டிய மனுஷன், இன்றைக்குத்தான் காற்றைக் கண்டுபிடித்தவர்போல் நின்றார்.

"மீன் மாதிரில்லா இருக்கு. செவுள அடைச்சா செத்துப் போவும்" என்றார். கொஞ்சம் கழித்து, "நாந்தான் அடைச்சேன், என்ன?"

அக்கா துணி துவைக்கிற கல்லருகே நின்றிருந்தாள். அப்பா அவள் பக்கம் திரும்பினார்.

"கால்ல சூடு பட்டுச்சா, ஏளா?"

"இல்லப்பா."

அவ்வளவுதான் பேச்சு. நான் வீட்டுக்குப் பின்னால் போய் அழுதேன். வெட்கமாக இல்லை.

24, வியாழன்

ஆபீசில் கப்பல். மூச்சுவிட நேரமில்லை. அக்காவின் பெட்டி கட்டியாகிவிட்டது: வெள்ளைச் சேலை இரண்டு, செபமாலை, துவாலை. வேறு எதுவும் அனுமதி இல்லை. சாப்பாட்டில் அப்பா உப்பு கேட்டார். அவளிடம்.

26, சனி

மேகமூட்டம். மழை இல்லை. ஸ்டேஷனில் எங்கள் கோயில் சாமியாரும் சொந்தக்காரர்களும். அப்பா தாமதமாக வந்தார், வெள்ளை வேட்டி சட்டையில். கவுண்டரில் அவர் நின்றதைப் பார்த்தேன். பிளாட்பாரம் டிக்கெட் என்று நினைத்தேன். ரயில் வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரே முதலில் ஏறினார். மதுரை டிக்கெட். இதுவரை ரயிலில் ஏறியவர் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை.

ஜன்னலுக்குக் கீழே நின்று அக்காவை இரண்டு தடவை கூப்பிட்டேன். கேட்கவில்லை. அப்பா ஏதோ கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டி நகர்ந்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவே இரண்டு பேருக்கும் நினைவில்லை.