அநாதைக் குவியல்

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம்தான், எங்கள் தெருவில் சுகம் என்றால் என்ன அர்த்தமோ அந்த அளவுக்கு. போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். நான் போனை எடுத்தாலே அம்மா பக்கத்தில் வந்து நின்று, ஸ்பீக்கர்ல போடுங்க என்கிறாள். அவள் கேட்கக் கூடாத விஷயம் என்பதால்தான் பேனாவை எடுத்தேன்.

ஊர்ச் செய்தி முதலில். நகராட்சி நம் ஊரைப் பிளாஸ்டிக் இல்லாத ஊர் என்று அறிவித்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் பெரிய பிளெக்ஸ் போர்டு வைத்து, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வாரத்திலிருந்து குப்பை லாரி வரவில்லை. கேட்கப் போனேன். சுகாதார ஆய்வாளர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லித்தான் பேசினார். இல்லாத குப்பைக்கு எப்படிங்க லாரி அனுப்புறது, என்ன ஏத்திட்டு வந்துதுன்னு நான் எழுதுவேன், நீங்களே ஒரு வழி சொல்லுங்க என்றார். யோசித்துப் பார்த்தேன், எனக்கும் வழி தெரியவில்லை. நம் கொட்டகையில் பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிப்பது மட்டும் நிற்கவில்லை. தண்ணீர் பாட்டில் ஒரு பக்கம், பால் கவர் ஒரு பக்கம், வாளியும் குடமும் ஒரு பக்கம், பைப் தனியே. எந்த ஆலையும் வாங்காத மினுமினுப்புப் பொட்டலங்கள், உள்ளே வெள்ளித்தாளும் வெளியே சிரிக்கிற குழந்தையுமாக வருமே, அதை அநாதை என்போமே, ஞாபகம் இருக்கிறதா? முன்பு அநாதையை லாரி ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டும், யார் கண்ணிலும் படாத இடம் என்பதால் அதற்குக் கழிவு மேலாண்மை என்று பெயர். இப்போது அவ்வளவும் கொட்டகைக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் சேர்கிறது. பின் அறை ஜன்னல் மூடிப்போய் நாளாகிவிட்டது.

அம்மாவின் மூக்கைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரகம் தெரியாத துண்டு எது வந்தாலும் அவளிடம்தான் போகும். ஓரத்தைக் கொளுத்தி, ஊதி அணைத்து, ஒரு முறை முகர்ந்து, மெழுகுவத்தி வாசம், வாளியோட போடு என்பாள், இல்லையென்றால் தொண்டையைக் கடிக்குது, பைப் என்பாள். இருபது வருஷமாக அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. போன மாதம் அவள் வாளி என்று ஒதுக்கிய மூன்று சாக்கு உன் மாமா பிளாஸ்டிக் உருக்கும் மெஷினுக்குள் போனது, அத்தனையும் பைப். பைப் கருகி வரும் புகை இரும்பையே அரித்துவிடும், உன் மாமாவின் நெஞ்சு இரும்பும் இல்லை. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அப்போதும் அம்மாவைப் பார்த்து, ஏன்க்கா, சின்ன வயசுல உன் பென்சிலைத் திருடினதுக்கா இப்ப பழி வாங்குற என்று சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு இருமலாகி, நர்ஸ் எங்களை வெளியே அனுப்பிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்ததும் ஒரு பைப் துண்டைக் கொளுத்தி அம்மா முகத்துக்கு நேரே பிடித்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவள் நிதானமாக முகர்ந்து, மெழுகுவத்தி என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். ரெண்டு வருஷமாவே ஒண்ணும் தெரியலீங்க, நிறத்தையும் தட்டுற சத்தத்தையும் வெச்சுத்தான் சொல்லிட்டிருந்தேன், மூக்கு இல்லேன்னா அந்த இடத்துல என்னை யாரு உக்கார வெப்பாங்க என்றாள். இந்த இரண்டு வருஷமும் பால் கெட்டுப்போச்சா பாருங்க, குழம்பு எப்படி இருக்கு சொல்லுங்க என்று அவள் கூப்பிட்டபோதெல்லாம் வீட்டில் என் கருத்துக்கு மதிப்பு கூடிவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இப்போது சொல்ல வந்த விஷயம். பத்து நாளாக வீட்டுக்குள் மெழுகுவர்த்தி வாசம் வருகிறது. யாரும் எதையும் கொளுத்தவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரரும், அங்கேயுமா வருது, நான் என் தலைக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன் என்றார். போன செவ்வாய்க்கிழமை குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்து, உடனே எடுத்துவிட்டேன். மேலே தீ இல்லை, புகையும் இல்லை, உள்ளே எங்கேயோ வெந்துகொண்டிருக்கிறது. தீயணைப்பு நிலையத்தில், சூட்டுக்கெல்லாம் வண்டி எடுக்க முடியாது பெரியவரே, தீ தெரிஞ்சா கூப்பிடுங்க, உடனே வர்றோம் என்றார்கள். கிளறினால் காற்றுப் புகுந்து பற்றிக்கொள்ளும் என்று உன் மாமா சொல்கிறான், உருக்குகிறவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அதனால் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். ஊற்றுகிற தண்ணீர் ஒரு சொட்டுகூட அடியில் வெளியே வருவதில்லை. கிளம்பிவிடலாம் என்றால் மாமா நம் முன் அறையில்தான் படுத்திருக்கிறான், நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது, அவனையும் சேர்த்துக் கொண்டுபோக இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். இடம் கிடைத்த அன்று அம்மாவிடம் சொல்வேன். தம்பி இருமும்போதெல்லாம் அவள் எழுந்து வெளியே போய்விடுகிறாள், இதையும் தன் மூக்கின் மேல் போட்டுக்கொள்வாள்.

பேத்தியை இரண்டு மாதம் இங்கே விட்டுவிட்டுப் போவதாகச் சொன்னாயே, அழைத்து வராதே. அம்மா அவளுக்காகப் பின் அறையை ஒழித்து, துடைத்து, கட்டிலைச் சுவரை ஒட்டிப் போட்டு வைத்திருக்கிறாள். நேற்று என்னைக் கூப்பிட்டு, ஏங்க, இந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்க, கதகதன்னு இருக்கு, கொழந்தைக்குக் குளிரே தெரியாது என்றாள். வெயிலின் சூடு என்று நினைத்திருக்கிறாள். அந்தச் சுவரில் வெயில் பட்டுப் பல மாதமாகிறது.

நீ எங்கே இருந்தாலும் நல்லபடியாக இரு. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், பேத்திக்கு ஒரு முத்தம். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் அம்மாவிடம் சொல், இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே. பொய் சொல்லும்போது குரல் உடையாமல் பார்த்துக்கொள். அவளுக்குப் போனது மூக்குதான், காது நன்றாகவே கேட்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா