நாங்க தோத்ததுக்கு வெடிச்ச சரவெடி

அண்ணா, என்ற சட்டையில இன்னும் வெடிமருந்து வாசம் அடிக்குதுங்க. தொவைக்கப் போடச் சொல்லி அம்மா ரெண்டு தடவ கேட்டாச்சு, நான் குடுக்கல. நேத்து ஃபைனல்ல என்ற காலேஜ் தோத்துப்போச்சு. தோத்ததுக்கு எதுக்குடா இவனுக்கு இத்தனை சந்தோசம்னு ஊட்ல பாக்கறாங்க. உங்களுக்கு மட்டுந்தான் புரியும்.

நாம மொதல்ல சண்டை போட்டது ஒரு மேட்ச் லைவ்ல, கமெண்ட்ல. காலேஜ் ஃபுட்பால்ல பரம்பரையா பெரிய டீம்னா எதெதுன்னு அஞ்சு பேரு போட்டேன். அஞ்சாவது என்ற காலேஜ். கீழ நீங்க, "நாலோட நிறுத்திக்க சாமி"ன்னு ஒத்தை வரி. வாங்குன கப்பு, அடிச்ச கோல் எல்லாத்தையும் எடுத்துப் போட்டேன். நீங்க அசையல. அப்பறம் பாத்தா நீங்க நாமக்கல்ல லாரி பாடி கட்டற பட்டறையில பெயிண்டரு, என்ற ஊட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. நேர்ல வந்து பேசுன்னீங்க. அடிக்கப் போற மாதிரித்தான் வந்தேன். நீங்க கேபின் மேல உக்காந்து மயிலுக்குத் தோகை வரைஞ்சிட்டு இருந்தீங்க.

பட்டறைச் சுவத்துல உங்க லிஸ்ட் இருந்துச்சு. லாரிக்குப் பேரு எழுதற அதே மஞ்சப் பெயிண்ட்ல, எழுத்துக்கு நெழல் எல்லாம் வச்சு, நாலு காலேஜ். அஞ்சாவதா ஒரு காலிக் கட்டம். நான் ஆன்லைன்ல தெனம் ஒரு லிஸ்ட் போட்டுத் தெனம் மாத்தறவன். நீங்க ஒண்ணு எழுத வருசக்கணக்கா யோசிச்சீங்க.

"கப்பு எவன் வேணா வாங்கலாம். நீ தோத்தா அடுத்த ஊர்க்காரன் சரம் வெடிக்கோணும். அப்படித் தோக்கறவந்தான் பெரிய டீமு"ன்னீங்க.

போன வருசம் நாங்க தோத்தப்போ, ஜெயிச்சவனுக எங்க பசங்களத் தட்டிக்குடுத்து டீ வாங்கிக் குடுத்தானுக. பாவப்பட்டுட்டானுக பாருன்னு நீங்க சிரிச்சீங்க. ஒரு வாரம் உங்ககூடப் பேசல நான். அந்தக் கட்டத்தப் போட்டோ எடுத்து அனுப்பி, எடம் காலியாத்தான் இருக்குது, கோவம் போயிருந்தா டீக்கு வான்னீங்க. வந்தேன், மறுபடியும் சண்டை போட்டோம். நீங்க எங்களையெல்லாம் விட்டுப்போட்டுப் போய்ச் சேந்து ஆறு மாசமாச்சு. கட்டம் அப்படியேதான் இருந்துச்சு.

நேத்து விசில் ஊதுனதும் எங்க பசங்க தரையில உக்காந்து அழுதானுக. எதுத்து ஆடுனது எடப்பாடிப் பக்கத்துக் காலேஜ். செமிஃபைனல் ஜெயிச்சப்பக்கூட கைதட்டிட்டுப் போனவனுக, நேத்து சாக்குல இருந்து சரத்த எடுத்து கோல் போஸ்ட்டுப் பக்கம் நீளமா விரிச்சானுக. காது அடைச்சுப்போச்சுங்ண்ணா. ஒருத்தன் பொகைக்குள்ள நின்னு போன்ல கத்தறான்: "மாமா, அவிங்களையே சாச்சுப்போட்டோம்!"

அவிங்களையேன்னான். நான் அங்கயே நின்னு பல்லைக் காட்டிட்டு இருந்தேன். எங்க கோல்கீப்பர் என்னைய மொறைச்ச மொறைப்பு இருக்குதே, இன்னும் பேச மாட்டேங்கறான்.

இன்னிக்குக் காலையில பட்டறைக்குப் போயி ஓனர்கிட்ட சொல்லிப்போட்டு உங்க பிரஷ்ஷ எடுத்தேன். அஞ்சாவது கட்டத்துல என்ற காலேஜ் பேர நானே எழுதுனேன். நெழல் வைக்கத் தெரியல, கோணலாத்தான் இருக்குது. அதுக்குக் கீழ இன்னொரு காலிக் கட்டம் போட்டு வச்சேன்.

போட்டோவப் போட்டதும் எடப்பாடிப் பசங்க கமெண்ட்ல வந்துட்டானுக, ஜெயிச்சது நாங்க, எங்க பேரு எங்கன்னு. அஞ்சோட நிறுத்திக்கங்க சாமின்னு சொல்லிப்போட்டேன். அவனுகளுக்கு இன்னொண்ணும் போட்டேன்: "நீங்க தோக்கறப்போ எவனாச்சும் வெடிக்கறானான்னு பாக்கலாம்."