கன்னச் சிவப்பு

அன்புள்ள சியூயுன் அக்காவுக்கு,

ஊரே உறங்கும் நேரத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள். மழையில் தொலைபேசிக் கம்பி அறுந்து கிடக்கிறது. விடியற்காலைப் பேருந்தின் ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்ப வேண்டும். உங்கள் தம்பி ஜின்ஷுய் தேயிலை வறுக்கும் அறைக்குள் இருக்கிறார். நான் அதன் வாசலில், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் ஊலாங் தேயிலை நன்றாக வந்திருக்கிறது. பாறை இடுக்குச் செடிகளின் இலை கடைசி வறுவலில் இருக்கிறது. கரிக்குழிகளைச் சாம்பலால் மூடி, மேலே மூங்கில் கூடைகளை வைத்துக் காவல் காக்கிறார். ஈரம் பட்டால் இலை நமுத்துவிடும். காற்று புகுந்தால் கரி கனன்று இலை கருகிவிடும். மழை விடாததால் சன்னல் இடுக்கெல்லாம் பழைய மெத்தைத் துணியைத் திணித்துவிட்டார்.

பயத்தைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு இருமல். அந்த அறைதான் கதகதப்பு என்று அத்தை மத்தியானம் அவளை அங்கே கொண்டுபோய்த் தூங்கவைத்தார். நான் போய்த் தூக்கியபோது கை கால் துவண்டு தொங்கின. எழுப்பியதும் பாலைக் கக்கினாள். முற்றத்துக் காற்றில் வெகுநேரம் வைத்திருந்த பிறகுதான் அழுதாள். கரி கனலும்போது வரும் நச்சுக்காற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். அதைச் சொன்னதற்கு உங்கள் தம்பி, "உங்க காலேஜ்ல தேயிலை வறுக்கவும் சொல்லிக் குடுத்தாங்களா, வாத்தியாரம்மா? எங்க வம்சமே இந்த அறையிலதான் படுத்து எந்திரிச்சுது" என்று சிரித்தார். நான் உருவிய துணியைத் திரும்பத் திணித்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அத்தை சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "சும்மா பயப்படாதடி. கன்னம் எப்படிச் செவந்திருக்கு பாரு, சூடு ஒத்துக்கிச்சு. இவ தாத்தாவும் அந்த அறையில போறப்ப இப்படித்தான் செவந்து கெடந்தாரு, தூங்குற மாதிரி. நல்ல சாவு."

அக்கா, அந்த நச்சுக்காற்றை மூச்சில் இழுத்தால் முகம் வெளுக்காது, சிவக்கும். மாமா போனது மண்சுவரை இடித்துச் செங்கல் அறை கட்டிய அதே வருடம் என்கிறார்கள். பழைய அறையில் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் குருவி வந்துபோகும் இடைவெளி இருந்ததாமே. மாரடைப்பு என்று எல்லாரும் நம்புகிறார்கள். நான் இந்த வீட்டில் அப்போது இல்லை. கடைசியாக மாமாவின் முகத்தைத் துடைத்துவிட்டது நீங்கள். அது எப்படி இருந்தது என்று உங்கள் தம்பிக்கு நீங்களே எழுதுங்கள். அவர் நம்புவது உங்களை மட்டும்தான். என் எண்ணம் தவறென்றால் என்னைத் திட்டி எழுதுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன்.

எழுதும்போதே அடிக்கடி கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். முதலில், "தூங்கப் போடி, பிசாசே" என்றார். பிறகு, "இருக்கேன், இருக்கேன்" என்றார். இப்போது தட்டினேன். "ம்" என்றார். அவ்வளவுதான்.

இதோ கடிதத்தை மடித்துவிட்டு, கதவையும் சன்னலையும் திறக்கப்போகிறேன். கூடைகள் கருகட்டும். இந்த வருடத்து வரும்படி முழுவதும் அந்தக் கூடைகளில்தான் என்பது எனக்குத் தெரியும். காலையில் வீட்டில் யாரும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். அவர் எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கத்தவேண்டும், அது போதும்.

நீங்களும் குழந்தைகளும் நலமாயிருக்க வேண்டும். சீக்கிரம் பதில் எழுதுங்கள், அக்கா.

உங்கள் தம்பி மனைவி,
பெய்லின்