டாக்டரம்மா காத்திருந்தார்

செவ்வாய்க்கிழமை, ராத்திரி

முன்பு பார்த்த இரண்டு மனநல டாக்டர்களும் என் முகத்தைப் பார்க்காமலே மாத்திரை எழுதினார்கள். இன்றைக்குப் பார்த்த டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சங்கு எடுக்க முங்கும்போது பயமா இருக்கா?" என்று கேட்டார்.

படகில் நாங்கள் யாரும் பயத்தைப் பற்றிப் பேச்செடுக்க மாட்டோம். கேலிதான் பேசுவோம். அந்தப் பழக்கத்தில், "மீனுதான் என்னயப் பாத்துப் பயப்படுது" என்றேன். அவர் சிரிக்காமல் காத்திருந்தார். நான் அடுத்த கேலிக்குத் தாவினேன். நேரம் முடிந்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி மேரி கேட்டாள்: "உங்க கூட முங்குன அந்தோணி அண்ணன் மேல வராததுலருந்து நீங்க ராத்திரி மூச்சு முட்டி எந்திரிக்கீங்கள்லா, அத ஏன் சொல்லல?"

பயமாகத்தான் இருக்கிறது, டாக்டரம்மா. இங்கே எழுதிவிட்டேன். உங்கள் முன்னால் சொல்ல வாய் வருமா, தெரியவில்லை.