நீலமாகவே இருந்தது

மகாபலிபுரம்,
18-8-1956

சிரஞ்சீவி உப்பிலிக்கு அம்மா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். வழக்கத்துக்காக எழுதவில்லையடா, நிஜமாகவே சௌக்கியம்!

நேற்று உன் ஆம்படையாள் ரங்கநாயகியைப் பட்டணத்துக்கு அழைத்துப் போனேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் விளக்கு அடித்துப் பார்த்தார்கள். சர்க்கரை வியாதி ரத்தக் குழாய்களைக் கெடுத்திருந்தால் கண்ணுக்குள் தெரிந்துவிடுமாம். கெட்டிருந்தால் தாய்க்கும் ஆபத்து, வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் ஆபத்து. டாக்டரம்மா நிமிர்ந்து, ஒரு பழுதும் இல்லை என்றாள். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல் இருந்தது.

இன்சுலின் ஊசியை இப்போது நானே போடுகிறேன். செங்கல்பட்டுக் கம்பவுண்டர் ஏசுபாதம்தான், "இன்னா மாமி, இப்டி நடுங்கினா எப்டி? கத்திரிக்கான்னு நெனச்சிக் குத்து" என்று சொல்லிக் கொடுத்தான். மருந்துப் புட்டி ஈர மணல் பானையில் இருக்கிறது. கொல்லையில் ஸ்பிரிட் விளக்கேற்றி, கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி, அவள் சிறுநீரைச் சொட்டு விட்டுக் காய்ச்சிப் பார்க்கிறேன். சர்க்கரை இருந்தால் செங்கல் நிறமாகும், இல்லாவிட்டால் நீலம் மாறாது. என் மடி ஆசாரம் என்ன ஆயிற்று என்று கேட்காதே. முடித்ததும் தலைக்குக் குளித்துவிடுகிறேன், தீர்ந்தது.

உன் அப்பா செய்த கூத்தைக் கேள். கோயில் மடைப்பள்ளியிலிருந்து சர்க்கரைப் பொங்கல் கொண்டு வந்து, "பெருமாள் பிரசாதம்டி, அது என்ன பண்ணும்?" என்று அவளுக்குக் கொடுத்துவிட்டார். குழாய் செங்கலாகச் சிவந்தது. அதை அப்படியே கொண்டு போய் அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். இப்போதெல்லாம் பொங்கலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வழியிலேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வருகிறார். இன்று காலை நீலமாகவே இருந்தது!

இது ஏழாம் மாதம். எட்டு முடிந்ததும் எழும்பூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிடுவார்களாம். எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்று உன் அத்தை பயமுறுத்தினாள். போன இரண்டு தடவையும் கடைசி வரை காத்திருந்து என்ன கண்டோம் என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

உப்பிலி, விசேஷம் என்று தெரிந்ததிலிருந்து நீ அவளுக்கு ஒரு வரி எழுதவில்லை. தபால்கார எல்லப்பன் தெருமுனையில் திரும்பும்போதே அவள் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். மறுபடியும் ஆசை வைக்க உனக்குப் பயம். எனக்கு மட்டும் இல்லையா? நாகபுரியில் தனியாக உட்கார்ந்து பயப்படாதே. லீவு போட்டுவிட்டு வா. வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பயப்படு.

பெருமாள் உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும்.

உன் அம்மா,
பெருந்தேவி