நலம் என்ற கட்டம்

மார்ச் 4, திங்கள்

ஒரு வழியாக முடிந்தது. காய்ச்சல் வார்டு கேஸ் ஷீட் இருநூற்றுப் பன்னிரண்டு. எத்தனை நாள் காய்ச்சல், வாந்தி உண்டா, வயிற்று வலி உண்டா, கடைசியில் என்ன ஆயிற்று - ஆளுக்கு ஒரு வரி. எல்லாம் பெரிய டாக்டரின் ஆய்வுக்கு. இந்த வருடம் வந்திருப்பது பெயர் பிடிபடாத காய்ச்சல். அதன் போக்கு தெரிந்தாக வேண்டும் என்கிறார்.

கடைசிக் கட்டத்தில்தான் ஒரு இழுபறி. அவர் கொடுத்த தாளில் மூன்றே வழி: நலம், மரணம், வேறு ஆஸ்பத்திரி. காய்ச்சல் விட்டதும் "ஆளை விடுங்க சாமி" என்று கையெழுத்துப் போட்டுக் கிளம்பிய இருபத்து மூன்று பேரை எதில் சேர்ப்பது? டாக்டர் வெளியூரில். தாள் இன்றே போக வேண்டும். நடந்துதானே போனார்கள், நலம் என்று போட்டுவிட்டேன். பதினெட்டு வருடமாக ரெக்கார்டு ரூமில் இருக்கிறேன், இதைக்கூட முடிவு செய்யத் தெரியாதா எனக்கு?

மார்ச் 11

டாக்டருக்கு ஏக சந்தோஷம். கணக்குப்படி, காய்ச்சல் விட்டபின் வார்டில் தங்கியவர்களைவிட வீட்டுக்குப் போனவர்கள் ஒரு படி மேலாம். அதனால் புது ஏற்பாடு: காய்ச்சல் விட்டு ஒரு நாள் ஆகி, சாப்பாடும் இறங்கினால் அனுப்பிவிடலாம். வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கெல்லாம் கட்டில் கிடைத்துவிட்டது. அறிக்கையின் அடியில் நன்றி என்று போட்டு என் பெயர்!

வீட்டில் காட்டினேன். என் வீட்டுக்காரர் இரண்டு முறை படித்தார். அவருடைய அக்கா, என் நாத்தனார், கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, "உன் பேரைப் பாத்ததும் காய்ச்சல் பயந்து ஓடிடுமாக்கும்" என்றார். ஒன்பது வருடமாக எங்களோடு இருக்கிறார். என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அந்த வாயிலிருந்து உதிர்ந்ததில்லை.

மார்ச் 19

நாத்தனாருக்குக் காய்ச்சல். தையல் மெஷினை மூடி வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். மெஷினை மூடினால் நிஜமாகவே முடியவில்லை என்று அர்த்தம்.

மார்ச் 20

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தாயிற்று. பதினான்காம் கட்டில். ரத்தம் எடுக்க வந்த சிஸ்டருக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

மார்ச் 24, ஞாயிறு

நேற்றுக் காலையோடு காய்ச்சல் விட்டது. இன்று அனுப்பிவிட்டார்கள். நான் கை நீட்டினால் பிடிக்கவில்லை, தம்பியின் தோளைப் பிடித்துத்தான் படி ஏறினார். "அந்தக் கஞ்சியில உப்புன்னு ஒண்ணு கிடையாதா?" என்று வழியெல்லாம் புலம்பல். சாயங்காலம் வயிறு லேசாக வலிக்கிறது என்றார். நாலு நாள் வெறும் கஞ்சி, வலிக்காமல் என்ன செய்யும்.

மார்ச் 25, திங்கள்

எழுத்து கோணலாகப் போகிறது, போகட்டும்.

காலையில் அக்காவின் கேஸ் ஷீட் என் மேஜைக்கு வந்தது. கடைசிக் கட்டத்தில் நலம் என்று எழுதிவிட்டேன். எழுதியபின்தான் உறைத்தது - காலையில் நான் கிளம்பும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, ஒரு வார்த்தை திட்டவில்லையே. இதுவா நலம்? அந்த இருபத்து மூன்று ஷீட்டையும் இழுத்துப் போட்டேன். பதினோரு பேரின் கடைசிப் பக்கத்தில் சிஸ்டர் கையெழுத்தில்: காய்ச்சல் இல்லை, வயிற்று வலி, வீட்டுக்குப் போக விரும்புகிறார்.

முதல் எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். "அப்பா தவறி ஒரு மாசம் ஆச்சுங்க. நீங்க யாரு?"

உடனே வீட்டுக்குப் போட்டு, அக்காவைத் திரும்பக் கூட்டிவரச் சொன்னேன். "நேத்துதானே கூட்டிட்டு வந்தோம்?" என்றார் அவர். அக்காவின் கையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் உள்ளே நடந்து போகும் சத்தம் கேட்டது. அப்புறம், "சில்லுன்னு இருக்குடி" என்றார்.

மார்ச் 26

அக்கா தீவிர சிகிச்சைப் பிரிவில். விழுந்த ரத்த அழுத்தம் இன்னும் ஏறவில்லை.

டாக்டரிடம் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், உட்காரத் தோன்றவில்லை. அவர் பேனாவை மூடி வைத்தார். "காய்ச்சல் விட்டதுக்கு அப்புறம்தான் ஆபத்தே ஆரம்பிச்சிருக்கு. நம்ம கணக்கு அதை மறைச்சிடுச்சு" என்றார். பிறகு, "தானா கிளம்பிப் போனவங்களுக்குன்னு ஒரு கட்டமே இல்லாத தாளைக் கொடுத்தது நான். திருப்பிச் சரிபாக்காததும் நான். ஆனா நீங்க கேட்டிருக்கணும்மா" என்றார். கேட்டிருக்கணும். அதுதான்.

பத்து மணிக்கே புது ஏற்பாடு ரத்து.

மார்ச் 27

நாள் பூராவும் போன். அந்த இருபத்து மூன்று பேரில் ஐந்து பேர் இல்லை. நால்வர் வேறு ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்திருக்கிறார்கள். இரண்டு எண் வேலை செய்யவில்லை. மற்ற பன்னிரண்டு பேர் நிஜமாகவே நலம்.

புது ஏற்பாட்டில் அனுப்பப்பட்டவர்கள், அக்காவை விட்டுவிட்டு, பதினேழு பேர். பதினைந்து பேர் நலம். ஒருவருக்கு வலி, உடனே வரச் சொல்லி வந்துவிட்டார். ஒருவர் - பஸ் மெக்கானிக், முப்பத்து நாலு வயது - போன வியாழக்கிழமை.

மனைவிதான் எடுத்தாள். "நல்லாயிடுச்சுன்னு நீங்கதானே அனுப்பினீங்க?" என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை.

முதல் ஐவர் அவர்களாகப் போனவர்கள். இவரை அனுப்பியது என் எழுத்து. எப்படிச் சுற்றிப் பார்த்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறது.

மார்ச் 29

அக்கா பிழைத்துக்கொண்டார். வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். பக்கத்தில் யாரும் இல்லாதபோது எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"தம்பிக்குத் தெரியுமா?"

"இல்லக்கா."

"நானா சொல்ற வரைக்கும் வாயைத் திறக்காதே." பிறகு, "வேற யாருக்காவது?" என்றார்.

ஒருவர் என்றேன்.

"அந்த வீட்டுக்குப் போய்ச் சொன்னியா?"

நான் போர்வை ஓரத்தை மடித்துவிட்டேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஏப்ரல் 2

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். இந்த முறை மூன்று டாக்டர்கள் பார்த்துத்தான் விட்டார்கள்.

ஏப்ரல் 5

வேலை முடிந்து நானும் டாக்டரும் மெக்கானிக் வீட்டுக்குப் போனோம். மாடியில் ஒரே அறை. வாசலில் அவருடைய கிரீஸ் கறை படிந்த செருப்பு இன்னும் கிடந்தது. டாக்டர் ஆரம்பித்தார். மிச்சத்தை நான் சொன்னேன். தாள், மூன்று கட்டம், நான் போட்ட நலம்.

முடித்ததும் மெக்கானிக்கின் மனைவி மெதுவாகக் கேட்டாள். "அன்னைக்கு வயிறு வலிக்குது, திரும்பப் போலாமான்னு கேட்டாரு. ஆஸ்பத்திரியிலயே சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டாங்களே, பேசாம படுங்கன்னு நான்தான் சொன்னேன். அப்ப அது... என் தப்பு இல்லையா?"

"இல்லம்மா. என் தப்பு."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

வீட்டுக்கு வர ஏழரை ஆகிவிட்டது. அவர் சாப்பிட்டிருந்தார். அக்கா சாப்பிடாமல் எனக்காகக் காத்திருந்தார்.