மாத்திரையை நிறுத்திய நாட்கள்

செப். 2, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். அம்பிட்டிய பஸ் முக்கால் மணி நேரமாக வரவில்லை. கடைசியில் த்ரீவீல்.

ஆய்வில் சேர்ந்துவிட்டேன். இருதுருவ மனநோய் உள்ளவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்கிறார்களாம். நான் வந்து ஏழு வாரம். ஒரு வருடத்துக்கு அவ்வப்போது போய்ப் பதில் சொல்ல வேண்டும், இரத்தம் கொடுக்க வேண்டும்.

சம்மதப் படிவத்தின் தமிழ் சகிக்கவில்லை. "பங்குபற்றுனர் தாமாகவே பின்வாங்கப்படலாம்." பதினான்கு வருடம் பிரதேச செயலகத்தில் மொழிபெயர்ப்பாளர். கை சும்மா இருக்குமா? நான்கு இடத்தில் திருத்திக் கொடுத்தேன். ஆய்வு நேர்ஸ் ரிஸானா சிரித்தாள். "அக்கா, நீங்க வந்தது எங்களுக்குத்தான் லாபம்."

கேள்வி 17: நோய் கூடியிருந்த நாட்களில் உங்களால் பிறருக்குத் துன்பம் நேர்ந்ததா? இல்லை.

கேள்வி 22: மருந்தை ஒழுங்காக எடுக்கிறீர்களா? ஆம்.

22 பொய். ஆகஸ்ட் 23க்குப் பிறகு லிதியம் மாத்திரை ஒன்றுகூட விழுங்கவில்லை. மகள் துஷாவுக்கும் தெரியாது.

இரத்தம் எடுத்து முடித்த பிறகுதான் ரிஸானா சொல்கிறாள், மருந்தின் அளவையும் பார்ப்பார்களாம். சீனி, கொழுப்புக்கு என்றல்லவா நினைத்தேன். முடிவு வரும் அடுத்த செவ்வாய்க்கிழமை மாட்டிக்கொள்வேன்.

செப். 4, வியாழன்

வெயில். போர்வைகள் துவைத்தேன்.

செய்ய வேண்டியவை: காஸ் சிலிண்டர். துஷாவின் சப்பாத்து. அலுவலகத்துக்கு லீவுக் கடிதம். அவருக்கு போன்.

கட்டாரிலிருந்து துஷாவின் அப்பாவே எடுத்தார். "ஆராய்ச்சின்னு சொல்லி உன் பேரை எங்கயாவது போட்டுறப் போறாங்க." போட மாட்டார்கள், இலக்கம்தான் என்றேன். "சாப்பிட்டியா?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

ஏன் நிறுத்தினேன் என்று எங்காவது எழுதி வைக்க வேண்டும். இங்கேயே. கை நடுங்குகிறது. தலைக்குள் ஈரப் பஞ்சு. போன மாதம் "நிலுவை" என்ற சொல் அரை மணி நேரம் வரவில்லை. சொல் வராத மொழிபெயர்ப்பாளர் எதற்கு?

பன்னிரண்டு நாள் மாத்திரை இல்லை. தூக்கம் நன்று. கோபம் இல்லை. ஆக, நோய் போய்விட்டது. கை மட்டும் இன்னும் நடுங்குகிறது. போகப் போகச் சரியாகும்.

துஷா தினமும் விடிய எழும்பி வல்லாரைக் கஞ்சி காய்ச்சித் தருகிறாள். பதினேழு வயது, அடுத்த வருடம் ஏ.எல். பரீட்சை. குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். என்ன பிள்ளை!

செப். 9, செவ்வாய்

நம்ப முடியவில்லை. இன்னும் நம்பவில்லை.

திட்டு வாங்கத் தயாராகப் போனேன். ரிஸானா தாளைப் பார்த்துவிட்டு, "அக்கா, மருந்து ஒழுங்காக் குடிக்கிறீங்க. அளவு கொஞ்சம் கூடத்தான் ஈக்கி, பயப்பட வேணாம். அண்டைக்குக் காலையில குடிச்சிட்டா வந்தீங்க? ராவைக்குக் குடிக்கிற மருந்துதானே?"

"என்ன அளவு?"

"லிதியம் அளவுதான்."

வேறு யாருடைய இரத்தமோ என்றேன். இலக்கத்தைக் காட்டினாள், என்னுடையதுதான். வேண்டுமானால் இன்னொரு தடவை பார்ப்போம் என்று மறுபடி எடுத்தாள். டவுனிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன், பின்னேரம் போன் பண்ணினாள். அதேதான்.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் மூன்று அம்பிட்டிய பஸ்ஸை விட்டேன். நானே எடுத்துவிட்டு மறக்கிறேனா? செய்வது தெரியாமல் செய்கிறேனா? மறுபடி தொடங்கிவிட்டதா?

பஸ் வளைவில் திரும்பும்போதுதான் ரிஸானா கேட்டது மறுபடி காதில் விழுந்தது. காலையில குடிச்சிட்டா வந்தீங்க?

காலையில் நான் குடிப்பது ஒன்றே ஒன்று.

செப். 10, புதன்

"துஷா, இன்னைக்கு நீ முதல்ல ஒரு வாய் குடி."

"எனக்கு வேணாம்மா, லேட்டாவுது."

"ஒரு வாய்."

கோப்பையை வாங்கினாள். பிறகு சிங்குக்குள் கவிழ்த்துவிட்டாள்.

"அந்தூரியத்துக்குத் தண்ணி ஊத்துறப்ப பாத்தேன். சாடிக்குள்ள வெள்ளை வெள்ளையா மாத்திரை. ஜன்னலால போட்டிருக்கீங்க."

அலுமாரியிலிருந்த அடுத்த மாத மருந்துப் பக்கெட். தினமும் இரண்டு, கரண்டியால் நசுக்கி, கஞ்சியில்.

கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத விருப்பமில்லை. ஒன்று மட்டும்: "என்னை ஏமாத்தினியா?"

"நீங்க என்னை ஏமாத்தலையா?"

கோப்பையைக் கழுவி வைத்தாள். பிறகு அவள், "அக்குறணை உங்களுக்கு ஞாபகமே இல்லையாம்மா?"

"எந்த அக்குறணை?"

ஜூனில், ஆஸ்பத்திரியில் சேருமுன், மாத்தளை பஸ்ஸில் ஏறிப் போனேனே, அந்த நாள். "உங்களைத் தனியா விடப் பயந்து நானும் ஏறுனேன். வீட்டுக்குப் போவோம்னு அழுதேன். நீ எனக்கு இடைஞ்சல்னு சொல்லி, அக்குறணையில என்னை இறக்கிவிட்டுட்டு அதே பஸ்ல போயிட்டீங்க. என் போன் உங்க பையில. செருப்புக் கடைக்காரர் ஒருத்தர் கடைக்குள்ள உக்கார வச்சு, அவர் சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு வீட்ல கொண்டாந்து விட்டார். அவங்க கையைப் புடிச்சிக்கிட்டே வந்தேன்."

எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. தனியாகப் போனேன். ஜன்னல் சீட், காற்று, வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

பக்கத்துச் சீட்டில் என் பிள்ளை அழுதுகொண்டிருந்திருக்கிறாள்.

செப். 11, வியாழன்

நல்ல மழை. துஷாவையும் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். ரிஸானா பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். 17க்கும் 22க்கும் புதுப் பதில் எழுதினாள்.

டொக்டர் நிதானமாகச் சிங்களத்தில் பேசினார். துஷா தமிழ் மீடியம், சிங்களம் அரைகுறை. மகளுக்கு நீங்களே சொல்லுங்கள் என்றார். சொன்னேன். கை நடுக்கத்துக்கு அளவைக் குறைத்துப் பார்க்கலாம் என்கிறார். மருந்தை நிறுத்த நினைத்தால் முதலில் அவரிடம் சொல்ல வேண்டுமாம். ஆய்வில் இருப்பதும் விலகுவதும் என் விருப்பம். யாருக்கும் அவருக்கே தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது.

அடுத்து அவர் சொன்னது: அம்மா தன் மாத்திரையையும் விழுங்கியிருந்தால் அளவு இரட்டிப்பாகி உயிரே போயிருக்கலாம்.

பதினான்கு வருடத்தில் ஒரு வாக்கியத்தை நான் விட்டதில்லை. இதை விட்டேன். "கவனமா இருக்கணுமாம்" என்று முடித்தேன்.

வெளியே வந்து குடை விரிக்கும்போது துஷா சொன்னாள், "அது எனக்குப் புரிஞ்சிச்சும்மா." உதடு வெளிறிப் போயிருந்தது.

செப். 13, சனி

ஆய்வில் இருக்கிறேன். ரிஸானாவிடம் சொல்லிவிட்டேன்.

கஞ்சி இல்லை. இரண்டு நாளாக துஷா அடுப்புப் பக்கமே வரவில்லை. பாணும் வாழைப்பழமும். கேட்டதற்கு மட்டும் பதில்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவள் புத்தகத்தோடு இருந்த மேசைக்கே போனேன். புது அளவு, ஒரு மாத்திரை. அவள் பார்க்க வாயில் போட்டேன், தண்ணீர் குடித்தேன். வார்டில் நேர்ஸுக்குக் காட்டிய பழக்கம்: வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினேன்.

துஷா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு அப்படிக் காட்டாதீங்கம்மா."

வாயை மூடிக்கொண்டேன்.